பந்தைத் தேடும் கை, கண்ணைத் தேடும் கை

கூடைப்பந்து ஆட்டத்தில் யார் மேலும் விரல்கூடப் படாமல் ஃபவுல் வாங்குவதற்கு ஒரு வழி உண்டு. எதிரணி ஆட்டக்காரரின் கண்ணுக்கு முன்னால் கையைக் கொண்டுபோய் வைத்தாலோ, ஆட்டினாலோ நடுவர் விசில் ஊதலாம். அதே ஆட்டத்தில்தான், எதிராளி ஷூட் செய்ய எழும்பும்போது முகத்துக்கு நேரே கையைத் தூக்கு என்று பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு கை குற்றம், இன்னொரு கை திறமை. இரண்டையும் நடுவர் எதை வைத்துப் பிரிக்கிறார்? பார்வை மறைந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கை எதைத் தேடி அங்கே வந்தது, அந்த நொடியில் பந்து எங்கே இருந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பு நியாயமாக அமையும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைத்தான் இந்த உரையில் சொல்லப் போகிறேன்.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், உடற்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்துக்கு 13 விதிகள் எழுதினார். ஐந்தாவது விதி தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, கால் இடறிவிடுவது, அடிப்பது ஆகியவற்றைத் தடுக்கிறது. எல்லாமே உடல் உடலில் படுவது பற்றியவை. பார்வையைப் பற்றி அந்த 13 விதிகளிலும் ஒரு சொல் இல்லை. ஆட்டத்தைக் கவனிக்க நைஸ்மித் இரண்டு பேரை வைத்தார்: அம்பயர் ஆட்களைப் பார்க்க வேண்டும், ரெஃப்ரி பந்தைப் பார்க்க வேண்டும். கண்மறைப்பு என்ற குற்றம் இந்த வேலைப் பங்கீட்டுக்குள் அடங்காது. ஆளை மட்டும் பார்ப்பவருக்குக் கை தெரியும், பந்து எங்கே என்று தெரியாது. பந்தை மட்டும் பார்ப்பவருக்குக் கையே தெரியாது. பின்னால் வந்த விதிநூல்கள் இந்தக் குற்றத்தைச் சேர்த்தபோது, நடுவரிடம் இரண்டு பார்வையையும் ஒருசேரக் கேட்டன.

இப்போதைய விதிகள் என்ன சொல்கின்றன? உலகக் கூடைப்பந்தை நடத்தும் அமைப்பு ஃபீபா. கால்பந்தின் ஃபிஃபா வேறு, இது வேறு. வானொலியில் கேட்கும்போது குழம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எதிராளியின் கண்களுக்கு அருகே கையை ஆட்டியோ வைத்தோ பார்வையை மறைப்பது டெக்னிக்கல் ஃபவுல் என்கிறது ஃபீபாவின் 36ஆவது விதி. எதிராளியைச் சீண்டுவது, கேலி செய்வது முதலிய நடத்தைக் குற்றங்களின் பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிநூலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது, ஆனால் 'வேண்டுமென்றே' என்ற நிபந்தனையைச் சேர்க்கிறது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ இன்னும் குறுக்குகிறது. பந்து கையில் இல்லாத ஆட்டக்காரரைப் பின்னாலிருந்து காக்கும்போது அவர் கண்ணுக்கு முன்னால் கை வைத்தால்தான் அங்கே குற்றம். பந்து வைத்திருப்பவர் முகத்துக்கு முன்னால் கை வைப்பதை என்பிஏ கண்டுகொள்வதில்லை. எல்லா இடத்திலும் இது டெக்னிக்கல் ஃபவுலாக இருப்பதற்குக் காரணம் எளிது. பெர்சனல் ஃபவுல் என்றால் முறையற்ற உடல் தொடர்பு இருந்தாக வேண்டும். இங்கே தொடர்பே இல்லை, நடத்தைதான் இருக்கிறது.

பந்து இல்லாத ஆட்டக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சிக்கல் குறைவு இங்கேதான். எதிரணியில் சரமாரியாகப் புள்ளி எடுக்கும் ஒருவர் இருந்தால், அவரை நிழல்போல ஒட்டிக்கொள்ள ஒருவரைப் பயிற்சியாளர் அனுப்புவார். அந்த டிஃபெண்டர் பந்துக்கு முதுகைக் காட்டி, தன் ஆளின் முகத்தையே பார்த்து நின்று, அவருக்கு பாஸ் வராமல் தடுப்பார். பயிற்சியாளர்கள் இதை ஃபேஸ் கார்டிங் என்பார்கள். இது முழுக்க முழுக்க நேர்மையான ஆட்டம். நெருங்கி நிற்பது குற்றமல்ல, முகத்தைப் பார்ப்பதும் குற்றமல்ல, பந்தைப் பார்க்காமல் இருப்பதும் குற்றமல்ல. பார்வையாளர்கள் பலர் இதற்கே ஃபவுல் கேட்டுக் கத்துவதுண்டு. நடுவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே சரி. குற்றம் தொடங்குவது கை கண்ணருகே போகும்போது. பாஸ் வரும் வழியில் கை நீட்டினால் அந்தக் கைக்கு வேலை இருக்கிறது. பந்து மைதானத்தின் மறுபக்கம் இருக்கும்போது எதிராளியின் புருவத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்தால் அதற்கு மறைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் தலையைத் திருப்பும்போது கையும் கூடவே திரும்பினால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கை ஆடாமல் அசையாமல் நின்றாலும், ஒரே ஒரு கையாக இருந்தாலும் குற்றம்தான். 'வைப்பது' என்ற சொல்லை விதியில் 'ஆட்டுவது' என்பதோடு சேர்த்தது அதற்காகத்தான்.

பந்து கையில் இருப்பவர் விஷயம்தான் சிக்கல். 2009இல் மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஷேன் பேட்டியர் என்ற ஆட்டக்காரரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு ஆடிய பேட்டியர், எதிரணி நட்சத்திரம் கோபி பிரையன்ட்டைக் காக்கும்போது பந்தை மறிக்க முயலவே மாட்டார். பிரையன்ட்டின் கண்ணுக்கு முன்னால் கையைக் கொண்டுபோவார். தெரிந்தே, திட்டமிட்டே செய்தார். என்பிஏ விதிப்படி அதில் தவறில்லை, பாராட்டும் கிடைத்தது. அந்தத் தந்திரம் ஏன் பலிக்கும் என்பதற்கு அறிவியல் சான்றும் இருக்கிறது. 2002இல் ரவூல் அவுடெயான்ஸும் அவர் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குத் தேவையானபோது பார்வையை மறைக்கக்கூடிய கண்ணாடி மாட்டி, ஜம்ப் ஷாட், அதாவது எழும்பிக் கூடைக்கு எறியும் ஷாட், அடிக்கச் சொன்னார்கள். பந்து கையை விடுவதற்கு முந்தைய சுமார் 350 மில்லி விநாடி மட்டும் கூடையைப் பார்க்க முடிந்தவர்கள், முழு நேரமும் பார்த்தவர்கள் அளவுக்கே நன்றாக அடித்தார்கள். அந்தக் கடைசித் துளியில் பார்வை இழந்தவர்களின் குறி மிக மோசமாகத் தவறியது. ஆக, பந்து புறப்படும் கணத்தில் கண்ணை மறைப்பது வெறும் தொந்தரவல்ல, ஷூட்டரின் திறமையிலேயே கை வைப்பது.

அப்படியானால் பேட்டியரின் கை ஃபீபா விதியில் குற்றமாக வேண்டாமா? விதியின் சொற்களை மட்டும் பார்த்தால் ஆகலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஜம்ப் ஷாட்டில் பந்து போகும் பாதையைக் கவனியுங்கள். இடுப்பிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து முகத்தைக் கடந்து நெற்றிக்கு மேலே. எழும்பும் அந்த அரை நொடியில் முகத்துக்கு முன்னால் இருக்கும் இடம்தான் பந்தின் வழி. அந்த வழியில் கை வைக்க டிஃபெண்டருக்கு உரிமை உண்டு. பந்தும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும்போது, கை எதைத் தேடியது என்று எந்த நடுவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகத்தின் பலனை டிஃபெண்டருக்குத்தான் தர வேண்டும். மாறாக, பந்து இடுப்பில் இருக்கிறது, கை கண்ணில் இருக்கிறது என்றால் கதை வேறு. ஒருவர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கிறார், அல்லது பாஸ் கொடுக்க ஆள் தேடுகிறார். டிஃபெண்டர் பந்தை விட்டுவிட்டு அவர் கண்ணருகே விரல்களை ஆட்டுகிறார். இங்கே பந்தின் வழி எது என்பதில் குழப்பமே இல்லை. ஃபீபா விதியில் இதற்கு டெக்னிக்கல் கொடுப்பதே சரி. பேட்டியர் செய்ததை விடலாம், இதை விடக் கூடாது. கோடு பந்து யார் கையில் என்பதில் இல்லை, பந்து எந்த உயரத்தில் என்பதில் இருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு பலமானது. நோக்கம் மனசுக்குள் இருப்பது. நடுவர் மனசைப் படிக்க முடியுமா என்பார்கள். படிக்கத் தேவையில்லை. மற்ற ஆட்டங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வாலிபாலில், சர்வீஸ் போடும் அணி பந்தை மறைத்து நிற்கக் கூடாது. அங்கே நடுவர் யாருடைய எண்ணத்தையும் ஆராய்வதில்லை. கையை ஆட்டினார்களா, குதித்தார்களா, பக்கவாட்டில் நகர்ந்தார்களா, கூட்டமாகச் சேர்ந்து நின்றார்களா, அதனால் பந்து அடிபடுவதும் வருவதும் மறைந்ததா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். கால்பந்தில் ஆஃப்சைடு இடத்தில் நிற்பவர் கோல் கீப்பரின் பார்வைக் கோட்டைத் தெளிவாக மறைத்தாரா என்பதையும் நின்ற இடத்தை வைத்தே தீர்மானிக்கிறார்கள். கூடைப்பந்தில் தெரியும் அடையாளங்கள் இவற்றைவிட அதிகம்: பந்து இருக்கும் இடம், கை இருக்கும் உயரம், டிஃபெண்டரின் தலை திரும்பியிருக்கும் திசை, கை தங்கிய நேரம், முகத்தைப் பின்தொடர்ந்ததா என்பது. இந்த ஐந்தும் கண்ணால் காணக்கூடியவை. நோக்கம் என்பது இவற்றின் கூட்டுத்தொகைக்கு நாம் வைக்கும் பெயர்.

தொடாதவனுக்கு என்ன தண்டனை என்று இன்னொரு கேள்வி. அமெரிக்கக் கால்பந்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே தொழில்முறை ஆட்டத்தில், உடலில் படாமல் பார்வையை மறைத்தால் குற்றமில்லை. உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் இருந்த தடையையும் 2017இல் எடுத்துவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ஆட்டக்காரர் தலைக்கவசமும் முகக் கம்பியும் அணிந்திருக்கிறார், மறைப்பு நடப்பது பந்து காற்றில் வரும் ஒன்றிரண்டு நொடியில். கூடைப்பந்தில் முகம் வெறுமையாக இருக்கிறது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள இடத்துக்குள் பத்துப் பேர் ஓடுகிறார்கள். அமெரிக்காவில் விளையாட்டால் ஏற்படும் கண் காயங்களில் கூடைப்பந்து முன்வரிசையில் இருக்கிறது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜப்பார் கண்ணாடி அணிந்து ஆடியதை அழகுக்கு என்று நினைத்தவர்கள் உண்டு. 1968இல் கல்லூரி ஆட்டத்தில் ஒரு முறை, 1974இல் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு முறை என்று இரண்டு தடவை கருவிழி கீறப்பட்ட பிறகு அணிந்தது அது. கண்ணருகே ஆடும் விரலுக்கும் கண்ணில் படும் விரலுக்கும் இடையே இருப்பது சில அங்குலம்தான். அதோடு, கூடைப்பந்து விதி ஏற்கெனவே பார்வைக்கு ஒரு மதிப்புக் கொடுத்திருக்கிறது. எதிராளியின் பார்வைக்கு வெளியே, அவர் முதுகுப் பக்கம் ஸ்க்ரீன் போடுகிறவர், அதாவது உடலால் வழியை மறித்து நிற்பவர், அவர் ஒரு சாதாரண அடி எடுத்துவைக்க இடம் விட்டுத்தான் நிற்க வேண்டும். காணாததைத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட விதி அது. அப்படி ஒப்புக்கொண்ட ஆட்டம், கண்ணையே மூடும் கையைச் சும்மா விட்டால் பொருந்தாது.

இந்த ஃபவுலை யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, செத்துப்போன விதி இது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அரிதாகவே கொடுக்கிறார்கள் என்பது சரி. ஆனால் சிறிய, தெரியாமல் நடந்த நடத்தைப் பிழைகளை எச்சரித்து விடவும், ஆட்டத்தைப் பாதிக்காவிட்டால் கண்டுகொள்ளாமல் விடவும் ஃபீபா நடுவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. எச்சரித்த பிறகும் திரும்பச் செய்தால்தான் விசில். 'கையை இறக்கு' என்று நடுவர் ஓடிக்கொண்டே சொல்வது பார்வையாளர் இருக்கைக்குக் கேட்காது. விசில் கேட்கவில்லை என்பதால் விதி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். தண்டனையின் அளவும் நடுவரைத் தயங்க வைத்திருக்கும். அமெரிக்கப் பள்ளி ஆட்டத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவும் (யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) பந்தும் எதிரணிக்குப் போய்விடும். ஃபீபா இப்போது ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்து, ஆட்டத்தை நின்ற இடத்திலிருந்து தொடரச் சொல்கிறது. இந்தக் குற்றத்துக்கு இது பொருத்தமான அளவு என்றே படுகிறது. ஆனாலும் ஒரே ஆட்டத்தில் இரண்டு டெக்னிக்கல் வாங்கியவர் வெளியேற வேண்டும் என்பதால் கண்ணில் கை வைப்பது மலிவான தந்திரமும் அல்ல.

ஃப்ரீ த்ரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ரீ த்ரோ போடுகிறவரின் கவனத்தை எதிரணி ஆட்டக்காரர்கள் கலைக்கக் கூடாது. கலைத்து, பந்து கூடைக்குள் விழாமல் போனால், மறுபடி ஒரு வாய்ப்பு கிடைக்கும். ஆனால் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கையையும் துணியையும் ஆட்டும் ரசிகர் கூட்டத்தை இந்த விதி தொடுவதில்லை. வேடிக்கையான இடைவெளிதான். அதை அடைக்கப் போனால் அரங்கத்தில் பாதிப் பேரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

என்பிஏ போட்டிருக்கும் கோடு நடுவருக்குச் சுலபமானது: பின்னாலிருந்து, பந்து இல்லாதவர் மேல், அவ்வளவுதான். ஆனால் முன்னால் நின்றுகொண்டு, பந்து இல்லாதவரின் கண்ணை மறைக்கும் கையை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஃபீபாவின் சொற்கள் அகலமானவை, அதனால் நடுவரின் நிதானத்தை அதிகம் கேட்பவை. தமிழ்நாட்டிலும் இந்தியா முழுவதிலும் முறையான போட்டிகள் ஃபீபா விதிப்படிதான் நடக்கின்றன. எனவே இந்த நிதானம் நம் நடுவர்களுக்கும் வேண்டும். எழும்பும் ஷூட்டருக்கு எதிரே நேராக உயரும் கைக்கு விசில் ஊதாதீர்கள். பந்தை விட்டுவிட்டு முகத்தைத் தேடிப் போகும் கையை முதல் தடவை எச்சரியுங்கள், இரண்டாம் தடவை தயங்காமல் டெக்னிக்கல் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களும் 'முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கு' என்பதற்குப் பதிலாக 'பந்துக்கு முன்னால் கையைத் தூக்கு' என்று சொல்லிப் பழக்குங்கள்.