பழியை நிறுத்திய இருவர்

 

கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் உள்ளது. அங்கு 18 நாள் விழா தீமிதிப்போடு நிறைவெய்தும். 'தீப்பள்ளயம்' என்பது நம்மூர் வழக்கு. விரித்த கூந்தலோடு அவள் செய்த சபதத்தை யாவரும் அறிவர். அதன் பின்கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

போர் முடிந்த இரவில், உறங்கிக் கிடந்த அவளது ஐந்து மைந்தரையும் அசுவத்தாமன் கொன்றான். அருச்சுனன் அவனைக் கட்டி இழுத்துவந்து அவள்முன் நிறுத்தினான். அவனை விட்டுவிடச் சொன்னவள் திரௌபதையே என்கிறது பாகவதம். தான் அழுவதுபோல் அவனைப் பெற்றவளும் அழவேண்டாம் என்பது அவள் காட்டிய நியாயம். தலையிலிருந்த மணியைப் பறித்து அவனைத் துரத்தினார்கள். உயிர் தப்பியது, குற்றம் குற்றமாகவே நின்றது.

இனி அரபு நாட்டுக்கு வருவோம். கி.பி. 625இல் உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்றவர் வஹ்ஷி. 630இல் மக்கா நபிகளாரின் வசமாயிற்று. பழிதீர்க்கும் வலிமை முழுவதும் அவர்களிடம் இருந்தது. பின்னர் வஹ்ஷி வந்து இஸ்லாத்தை ஏற்றார். நபிகளார் தண்டிக்கவில்லை. தம் பார்வையில் படாதிருக்க இயலுமா என்று மட்டும் கேட்டார்கள் என்பது ஹதீஸ்.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் மக்கா வெற்றிக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஆகவே வகுப்பில் இதை நான் பாட்டாக அல்ல, கதையாகவே சொல்வேன். அந்த ஒரு வேண்டுகோளில் எத்துணை வலி! பொறுத்தவருக்கு நெஞ்சு ஆறிவிட்டது என்று எண்ணுவது பிழை. ஆறாத நெஞ்சோடுதான் அவர் பொறுத்தார்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர். அந்த வீடுகளுக்குப் போய், "மறந்துவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாயில்லை. திரௌபதையும் மறக்கவில்லை, நபிகளாரும் மறக்கவில்லை. நீதி கேட்பது உரிமை. ஆனால், அவ்விருவரும் கொன்றவனே கைக்கு எட்டியபோதும் விட்டார்கள். நாமோ கொன்றவனை விட்டு, அவன் இனத்தான் என்று ஏதுமறியாப் பிள்ளையைத் தேடினோம். அதற்கு எந்த வேதத்தில் இடமுண்டு?

நமது கரையில் தமிழூருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே ஒரு வேலி தூரந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் குரல் அந்த வேலியைத் தாண்டிக் கேட்கும். இருபுறமும் அவள் அழுவது தமிழில்தான்.