நகருக்குச் சிறப்பு எது?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கொழும்பைக் காண வருவோர் கடற்கரையையும் உயர்ந்த கட்டடங்களையும் கண்டு மகிழ்வர். வாழ வருவோரோ, உற்றார் இல்லாத ஊரில் "வாங்கோ, இருங்கோ" என்றழைக்கும் ஒரு வாசலையே நாடுவர்.

அத்தகைய வாசல்களை நம் முன்னோர் திறந்து வைத்தனர். தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கினார். 1897 இல் கொழும்புக்கு எழுந்தருளிய சுவாமி விவேகானந்தரின் பெயரால் 1902 இல் விவேகானந்த சபை தோன்றியது. 1942 இல் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகம் நடத்தி வருகின்றது.

1983 ஜூலையில் இந்நகரிலேயே நம்மவர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, பலர் மாண்டனர். அன்று தம் உயிரையும் பாராது அயலவரை வீட்டினுள் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. நகரின் மானத்தைக் காத்தவர்கள் அவர்களே.

இன்றும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் இளைஞர் வருகின்றனர். வாடகை அறையில் தனித்திருக்கும் அவர்களை வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் நூலகத்துக்கும் அழைத்துச் செல்கின்றோமா? அடுக்குமாடியில் எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பெயரையாவது அறிவோமா? அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை நலம் விசாரிப்போமா?

இளைஞர்களே, இவை பெரும்பொருள் வேண்டும் பணிகளல்ல. இவ்வாண்டு நாம் ஒவ்வொருவரும் புதிதாய் வந்த ஒருவரையும் அயல்வீட்டார் ஒருவரையும் அறிந்துகொள்வோமாக.