ஜப்பான் யாத்திரையில் யாம் கண்டவை
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜப்பான் தேசத்தைச் சுற்றிப் பார்த்து மீண்ட யாம், அங்குக் கண்டவற்றை இச்சபையில் எடுத்துரைக்க வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். எம்முடன் யாத்திரை செய்தோர் 24 பேர். அவருள் வியாபாரிகளும், உபாத்தியாயர்களும், பேரன் பேத்தியரை உடனழைத்து வந்த மூதாட்டியரும் இருந்தனர். மலைகளின் வனப்பையும் மாளிகைகளின் உயரத்தையும் படங்களிலேயே காணலாமாதலின், நம்மவருக்குப் பயன்படத்தக்க சிலவற்றை மட்டும் கூறுவோம்.

டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கப்பெற்ற ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில், 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை இன்று சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடக்கின்றது. இடைவழி நிலையங்களில் அது ஓரிரு நிமிஷமே நிற்கும். ஆதலின், இளைஞர் முதியோரின் பெட்டிகளைச் சுமப்பதென்றும், முதியோர் குழந்தைகளைக் கைப்பிடித்து முன்னே நிற்பதென்றும் முதல் நாளிலேயே எமக்குள் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவரும் பின்தங்கவில்லை. டோக்கியோ நிலையத்தில் வந்து நிற்கும் வண்டியைச் சிப்பந்திகள் 7 நிமிஷத்தில் துப்புரவு செய்து, பிரயாணிகளுக்குத் தலைவணங்கி நிற்கின்றனர். இனாம் கொடுக்கும் வழக்கம் அங்கில்லை. பள்ளிக்கூடங்களிலும் மாணாக்கரே தம் வகுப்பறைகளைப் பெருக்கித் துடைக்கின்றனர்.

மரக்கறி உண்போர்க்கு அங்கே சங்கடம் உண்டு. காய்கறிச் சாறும் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலிட்டுக் காய்ச்சிய நீரில் சமைக்கப்படுகின்றது. எனினும், பௌத்த மடங்களில் சோயாவும் காய்கறியும் கொண்டு சமைக்கும் 'ஷோஜின்' உணவு எமக்குப் பெரிதும் துணையாயிற்று.

நாரா நகரத்து டோடாய்ஜி ஆலயத்தில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலையைத் தரிசித்தோம். கி.பி. 752-ல் அச்சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர், பாரத தேசத்தினின்று சென்ற போதிசேனர் என்னும் துறவி என்று அறிந்தபோது எம் குழுவினர் அனைவரும் பெருமிதம் அடைந்தனர்.

ஆயின், அதே நாரா மாகாணத்தில் கோசே என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகம் எம் பெருமிதத்தை அடக்கிற்று. ஒரே பாஷையும், ஒரே நிறமும் உடைய அம்மக்களிடையே, பிராணிகளை அறுத்தும் தோலைப் பதனிட்டும் பிழைத்த குடும்பங்களைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கி வைத்த கொடுமை நிலவியது. 1871-ல் அரசாங்கம் அப்பிரிவினையை நீக்கி ஆணை பிறப்பித்தது. எனினும் மனம் மாறவில்லை. 1922-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி, ஒதுக்கப்பட்டோரே கியோட்டோவில் கூடி, 'சுய்ஹெய்ஷா' என்னும் சங்கம் கண்டனர். அதன் சரித்திரமே அவ்விடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. 1872-ல் எழுதப்பட்ட குடும்பப் பதிவேடுகளைப் புரட்டி, மணம் பேசுவோர் ஒருவரது பூர்வீகத்தை ஆராய்ந்தனர்; அவ்வேடுகள் 1968-லேயே பிறர் பார்வைக்கு மூடப்பட்டன. ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த ஊர்களின் பெயர்ப் பட்டியலை வியாபார ஸ்தாபனங்கள் இரகசியமாக விலைக்கு வாங்கிய செய்தி 1975-ல் வெளியாயிற்று. 2016-ல் மீண்டும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆணை பிறந்து 145 ஆண்டுகள் கழிந்தும் நோய் தீரவில்லை!

அங்கே எம்முடன் வந்த மாணாக்கன் ஒருவன், "அவர்களுடைய சங்கம் இழிவைப் போக்கத் தோன்றியது, நம்முடைய சங்கம் எதற்காக இருக்கின்றது?" என்று கேட்டான். பெரியோர் எவரும் உடனே விடையிறுக்கவில்லை.

மகாஜனங்களே! நம் முன்னோர் இச்சங்கத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்றே ஸ்தாபித்தனர். பிறரினும் உயர்ந்தோம் என்று கூறிக்கொள்வதற்கன்று. ஆகவே இரண்டு காரியங்களை இச்சபையின் முன் வைக்கின்றோம். நமது மாணவர் விடுதியில், எவ்வகுப்பைச் சேர்ந்த ஏழை மாணாக்கராயினும், விசேஷமாய் ஒதுக்கப்பட்ட வகுப்பினருக்கு, வரும் ஆண்டு முதல் இடமளித்தல் வேண்டும். அவர்கள் நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உண்ணுதல் வேண்டும். விடுதியைத் துப்புரவு செய்யும் வேலையையும் மாணாக்கர் யாவரும் முறைவைத்துத் தாமே செய்தல் வேண்டும். துடைப்பத்தை ஒரு சாராருக்கே உரியதாக்கியதினின்றன்றோ இழிவெல்லாம் பிறந்தது?

இதனை மகாசபை தீர்மானமாக ஏற்குமாயின், அம்மாணாக்கன் வினவிய வினாவுக்கு நம் சங்கம் தக்க விடை பகர்ந்ததாகும்.