திட்டும் தீவும்



புதுச்சேரி நகரின் தென்பால், அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டித் தேங்காய்த்திட்டு என்றோர் ஊர் உண்டு. திட்டு என்பது நீரின் நடுவே மேடாக எழுந்து நிற்கும் நிலம். சூழ்ந்திருப்பது ஒன்று, நடுவே நிற்பது வேறொன்று. இந்த வேறுபாடே அச்சொல்லின் உயிர்.

இதனை மருத்துவரும் எடுத்தாள்கின்றனர். தோலில் ஓரிடம் மட்டும் நிறம் மாறினால் அதைத் திட்டு என்பர். தொட்டால் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு, தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதனை மறைத்தல் ஆகாது. மருந்தால் முற்றும் குணமாகக்கூடிய நோய் அது. காலந்தாழ்த்தினால் நரம்புகள் கெடும்.

உடலின் உள்ளேயும் திட்டுகள் உள. 1869-இல் பெர்லினில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செரிமான நீர் சுரக்கும் பகுதிக்கு இடையிடையே, வேறுவகை உயிரணுக்கள் சிறு கூட்டங்களாகக் கிடந்தன. அவற்றின் தொழில் யாதென அவரால் கூற இயலவில்லை. 1893-இல் பிரெஞ்சு அறிஞர் லகெஸ், கண்டவர் பெயரையே சேர்த்து, அவற்றை 'லாங்கர்ஹான்ஸின் சிறு தீவுகள்' என்றார். குருதியில் சர்க்கரையை அடக்கும் பொருள் அங்கேதான் பிறக்கிறது எனக் கருதிய பெல்ஜிய நாட்டு அறிஞர் த மெயர், அதுவரை எவரும் பிரித்தெடுத்திராத அப்பொருளுக்கு 1909-இல் பெயரும் இட்டுவிட்டார். இலத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. அதிலிருந்து வந்ததே இன்சுலின்.

பெயர் பிறந்து 12 ஆண்டுகள் கழித்தே பொருள் கைக்கு எட்டியது. 1921-இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றில் அதன் ஆற்றலைக் கண்டனர். 1922 சனவரியில், நீரிழிவால் உயிருக்குப் போராடிய 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். அதற்குமுன் அத்தகைய சிறாருக்குப் பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாடன்றி வேறு வழி இல்லை.

தமிழ்ப் பாடநூல்கள் அவ்வுயிரணுக் கூட்டங்களை 'லாங்கர்ஹான் திட்டுகள்' என்கின்றன. எத்துணைப் பொருத்தமான பெயர்! இலத்தீன் அறியாத மாணவனுக்கு இன்சுலின் வெறும் ஒலி. மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகும். திட்டு என்று சொன்னாலோ, ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கணையத்தின் அமைப்பு கண்முன் தோன்றும். கலைச்சொல் ஒன்றைப் படிக்கும்போது அதன் வேரையும் கேளுங்கள். வேர் தெரிந்த சொல் நினைவில் நிற்கும். நோயுற்றார்க்கு விளக்கவும் துணை நிற்கும்.