நினைவுள்ள தடையும் விதியுள்ள குழப்பமும்



மின்சாரம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது சொன்னபடி கேட்கும் ஓர் ஏவலாளின் உருவமே. ஆளியை அழுத்தினால் விளக்கு எரிதல் வேண்டும். வானொலியின் குமிழைத் திருகினால் குரல் ஒலித்தல் வேண்டும். சற்று நேரத்தின்பின் என்ன செய்யும் என்று எவராலும் முன்கூற இயலாத ஒரு மின்சுற்றை வேண்டுமென்றே அமைப்பார் உளர் என்றால், அது வீண்வேலை என்றே பலருக்குத் தோன்றும். அத்தகைய சுற்றுக்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். கலைத்துறையில் பயின்ற நான் இதில் தலையிடுவானேன் என்று கேட்கலாம். குழப்பம் வேறு, விதியின்மை வேறு. அவ்வேறுபாட்டை அறிவது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய உரிமையன்று.

1961ஆம் ஆண்டில் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வேர்ட் லோரென்ஸ், தம் கணனியில் 0.506127 என்னும் எண்ணை 0.506 எனச் சுருக்கி இட்டார். அச்சிறு வேறுபாடு வளர்ந்து வளர்ந்து முற்றிலும் வேறான வானிலையைக் காட்டிற்று. அவர் சமன்பாடுகளில் தற்செயலுக்கு இடமேயில்லை. விதி உண்டு, எனினும் தொடக்க நிலையைப் பிழையற அளத்தல் எவருக்கும் இயலாமையின், நெடுநாள் முன்னறிவு இல்லை.

இக்குணத்தை மின்சுற்றில் கொணர முயன்றோருள் முதன்மையானவர் லியோன் சுவா. 1983இல் ஜப்பானின் வசேதாப் பல்கலைக்கழகத்தில், லோரென்ஸின் சமன்பாடுகளைப் பின்பற்றிய ஒரு கருவி அவர் முன்னிலையில் இயங்காது போயிற்று. அன்றிரவே அவர் வேறொரு சுற்றை வரைந்தார். இரு கொள்ளளவிகள், ஒரு தூண்டி, ஒரு தடை, சக்தியை ஊட்டும் நேர்கோட்டில் அமையாத உறுப்பு ஒன்று, அவ்வளவே. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1971இல், அவர் மற்றொன்றும் சொல்லியிருந்தார். அழுத்தம், ஓட்டம், ஏற்றம், காந்தப் பாயம் ஆகிய நான்கையும் இரண்டிரண்டாக இணைத்தால் ஆறு உறவுகள் பிறக்கும். இரண்டு வரைவிலக்கணத்தாலே அமைந்தவை. மூன்றுக்குத் தடை, கொள்ளளவி, தூண்டி என்னும் உறுப்புக்கள் உள. ஏற்றத்தையும் பாயத்தையும் இணைப்பது மட்டும் எங்கே? அவ்வெற்றிடத்திற்கு உரியதை மெம்ரிஸ்டர் என்றார். நினைவுத்தடை என நாம் கூறலாம். வயலின் குறுக்கே விழும் ஒற்றையடிப் பாதையை எண்ணுங்கள். நடப்பார் மிக மிக வழி இலகுவாகும். நடை நின்றாலும் தடம் நிற்கும். நினைவுத்தடையோ எதிர்த்திசையில் நடந்தால் மீண்டும் புல் மூடிக்கொள்ளும் விந்தையான பாதை!

2008இல் ஹியூலெற் பக்கார்ட் ஆய்வுகூடத்தார் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் அதனைக் கண்டதாக அறிவித்தனர். அது சுவா சொன்ன உறுப்புத்தானா என ஐயுறுவோரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் வேலையன்று.

2010இல் முத்துசாமியும் சுவாவும் வெளியிட்ட சுற்றே எனக்கு மிக அழகியதாகப் படுகிறது. தூண்டி, கொள்ளளவி, நினைவுத்தடை: மூன்றே உறுப்புக்கள், ஒரே வளையம். வெளியிலிருந்து அசைப்பாரின்றித் தானே இயங்கும் இத்தகைய தொகுதியிற் குழப்பம் பிறக்க, மாறும் நிலைகள் மூன்றேனும் வேண்டும். தூண்டியின் ஓட்டம் ஒன்று. கொள்ளளவியின் அழுத்தம் இரண்டு. தடையின் நினைவே மூன்றாவது. அந்நினைவை நீக்கிவிட்டால் குழப்பமும் இல்லை. அவர்கள் அந்நினைவுத்தடையைச் சாதாரண மின்னணு உறுப்புக்களால் போலியாகவே ஆக்கினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றால் பயன் என்ன? ஒரே வகைக் குழப்பச் சுற்றுக்கள் இரண்டினைத் தக்கவாறு இணைத்தால் அவை ஒருமித்து ஆடும் என 1990இல் பெக்கோராவும் கறோலும் காட்டினர். உடனே, செய்தியைக் குழப்ப அலையினுள் மறைத்து அனுப்பலாம் என்ற ஆசை பிறந்தது. அவ்வாறு மறைத்தவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டுவிட்டன. கேட்பதற்குக் கரகரப்பாக இருப்பதெல்லாம் இரகசியம் ஆகிவிடாது. எழுந்தமான எண்களை ஆக்குதற்கு இச்சுற்றுக்கள் இதனினும் பொருத்தமானவை.

நான் பெரிதும் மதிக்கும் பயன் வேறு. பல ஊர்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியைத் தேடுவது போன்ற கணக்குகளில், பொறி ஓரளவு நல்ல விடையைக் கண்டதும் அங்கேயே தங்கிவிடும். 2017இல் நையோபியம் ஒட்சைட்டாலான நுண்ணிய நினைவுத்தடைகளின் குழப்பத்தைக் கணிப்பில் புகுத்திப் பார்த்தனர். அது பொறியை அவ்விடத்தினின்று உலுக்கி எழுப்பி, மேலும் தேடச் செய்தது.