துண்டுகளாய் வரும் பாலம்



சாத்தம் என்னும் சிறு தீவினைத் தெற்கு அந்தமானோடு ஒரு பாலம் இணைக்கின்றது. 1883-இல் தொடங்கப்பெற்ற மர அறுவை ஆலை அத்தீவிலேதான் இருக்கின்றது. வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு பாம்பூ பிளாட்டுக்குச் செல்லும் படகும் அங்கிருந்தே புறப்படுகின்றது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் வாழ்வோர் அப்பாலத்தைக் கடக்கும்போது பாலத்தை நினைப்பதில்லை. அஃது ஒருநாள் இல்லாது போனால் என் செய்வது?

இது வெறுங் கற்பனையன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில், நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் ஆஸ்டின் கால்வாய்ப் பாலத்தின் மேல்தளம் இடம் பெயர்ந்தது. அப்பாலம் கட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரே சாலையை நம்பி அரிசியும் மருந்தும் செல்லும் நாட்டில், பாலம் பழுதுற்றால் அதன் வலி முதலில் அடுப்பங்கரையில் தெரியும்.

இத்தகைய வேளைக்கென்றே படையினர் கையாளும் பாலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது டொனால்டு பெய்லி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அதனை வகுத்தார். அதன் உயிர்நிலை 10 அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டம். எடை ஏறத்தாழ 258 கிலோ. அறுவர் சேர்ந்து தூக்கலாம். ஆளுக்கு 43 கிலோதான். துறைமுகத்தில் மூட்டை சுமப்போர் இதைக் கேட்டால் நகைப்பர். சட்டத்தோடு சட்டத்தை ஆணியிட்டுப் பூட்டி, உருளைகளின்மேல் வைத்து, ஒரு கரையிலிருந்தே எதிர்க்கரைக்குத் தள்ளுகின்றனர். முன்னால் எடை குறைந்த மூக்குப் பகுதியொன்று நீண்டு செல்லும். பின்னாலுள்ள பாரம் அதனைக் கவிழவிடாது காக்கும். மிகுந்த சுமை செல்ல வேண்டுமாயின் சட்டங்களை இரட்டையாகவோ மும்மடியாகவோ அடுக்கலாம். அகலம் மிகுந்த நீர்நிலையாயின் இடையே தூண்கள் வேண்டும். அங்கே இதன் விரைவு குறைந்துவிடும்.

2024 சூலையில் வயநாட்டில் நிலம் சரிந்து சூரல்மலைப் பாலம் அழிந்தது. மதராஸ் பொறியாளர் படைப்பிரிவினர் 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பெய்லி பாலமொன்றை ஆகஸ்டு 1-ஆம் நாளே முடித்துக் கொடுத்தனர். மண்ணகற்றும் பொறிகளும் மருத்துவ ஊர்திகளும் அதன்மேல் சென்றன. இப்படையினரைப் பிற படையினர் ‘தம்பி’ என்றே அழைப்பர் என்பது நமக்கு உவகை தரும் செய்தி.

ஆனால், வயநாட்டுக்குப் பெங்களூரிலிருந்து சட்டங்கள் லாரிகளில் வந்தன. தீவுகளுக்கு லாரி ஏது? சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகின்றன; புயற்காலத்தில் இன்னும் கூடும். ஆகவே, சட்டங்களும் ஆணிகளும் உருளைகளும் தீவுக் கிடங்குகளிலேயே முன்கூட்டி இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆதலால் ஆண்டுதோறும் வண்ணம் பூசி, ஆணிகளை எண்ணிப் பார்க்கும் ஆளும் அக்கிடங்கிற்கு வேண்டும்.