ரெண்டு எழுத்து, ஒரு என்டர்

இன்னிக்குச் சின்ன எபிசோட்தான். பக்கத்துல லேப்டாப் இருந்தா திறந்து வச்சுக்கோங்க, கேட்டுக்கிட்டே செஞ்சு பாக்கலாம்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஊர்ல இருந்து அப்பா போன் பண்ணார். "தம்பி, கரண்ட் பில் கட்டலாம்னு உக்காந்தேன். முதல்ல ஏதோ ஆப் இறக்கணும்னு சொல்லுதுடா, இறக்கவா?" எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. "எதையும் தொடாதீங்கப்பா, ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னேன். பாத்தா, அது மின்வாரிய சைட்டே இல்ல. தேடும்போது மேல விளம்பரமா வந்த ஏதோ ஒரு போலி சைட். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் அப்பா பேரைத் தேடி, முதல்ல வர்றதைக் கிளிக் பண்ணுவார். இத்தனை நாள் தப்பிச்சது அதிர்ஷ்டம்தான்.

அவரைத் திட்ட வாய் வரல. ஏன்னா நானும் அதேதான் பண்றேன். போக வேண்டிய இடம் நல்லாத் தெரியும், ஆனாலும் தேடித்தான் போறேன்.

இதுக்கு பிரவுசர்லயே ஒரு வழி இருக்கு: கீவேர்ட் ஷார்ட்கட். மேல அட்ரஸ் பார்ல நாம வச்ச ரெண்டு எழுத்தை அடிச்சா, நேரா அந்த இடத்துக்குப் போயிடும்.

யூடியூப்ல இருந்து ஆரம்பிப்போம். அங்க போய் ஆங்கிலத்துல "டெஸ்ட்"னு தேடுங்க. இப்ப அட்ரஸைக் காப்பி பண்ணுங்க. அதுல "டெஸ்ட்"ங்கிற வார்த்தை இருக்கும் இல்லையா, அதை எடுத்துட்டு சதவீதக் குறியும் ஒட்டினாப்ல சின்ன ஆங்கில எஸ் எழுத்தும் போடுங்க. நீங்க தேடுற சொல் வந்து உக்காரப் போற நாற்காலி அது.

குரோம்ல செட்டிங்ஸ் போய், சர்ச் எஞ்சின் பகுதியில சைட் சர்ச்னு இருக்கும். ஆட் கொடுத்து ஒரு பேர், ஒரு ஷார்ட்கட், அந்த அட்ரஸ் மூணையும் போட்டா முடிஞ்சது. ஷார்ட்கட் "ஒய்"னு வச்சா, ஒய் அடிச்சு டேப் தட்டி, பாட்டுப் பேரை அடிச்சு என்டர். ஃபயர்ஃபாக்ஸ்ல அதே அட்ரஸை புக்மார்க்கா வச்சு, எடிட் பண்ணும்போது கீவேர்ட் கட்டத்துல எழுத்தைப் போடணும். அங்க டேப் வேண்டாம், ஸ்பேஸ் போதும். மவுஸைத் தேடவும் வேண்டாம்: கன்ட்ரோல் எல் அடிச்சா கர்சர் அட்ரஸ் பாருக்குப் போயிடும். மேக்ல கமாண்ட் எல்.

ஆபீஸ்ல எனக்கு ரொம்ப உதவுறது டிக்கெட் நம்பர். டிக்கெட் பக்கத்தோட அட்ரஸ்ல நம்பர் இருக்கிற இடத்துல அந்த நாற்காலியைப் போட்டு வச்சிருக்கேன். மீட்டிங்ல யாராவது நம்பர் சொன்னா, அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குத் திறந்திருக்கும்.

செட்டிங்ஸ் பக்கமே போகப் பிடிக்கலையா? டக்டக்கோல ஆச்சரியக்குறி போட்டு டபிள்யூ, அப்புறம் சொல்லை அடிங்க. விக்கிப்பீடியால போய்த் தேடும். அங்க இதுக்கு பேங்னு பேரு.

ஒரே நாள்ல இருபது வைக்காதீங்க, எதுவும் ஞாபகம் இருக்காது. தினமும் போற மூணு இடத்துல ஆரம்பிங்க.

அப்பா கதைக்கு வருவோம். ஊருக்குப் போனப்ப, பழைய ரசீதுல இருந்த அட்ரஸைப் பாத்து அடிச்சு, சரியான சைட்தான்னு உறுதி பண்ணி, அதை ஃபயர்ஃபாக்ஸ்ல புக்மார்க் பண்ணேன். கீவேர்ட் "ஈபி". இதுல தேட ஒண்ணும் இல்லாததால நாற்காலி தேவையில்ல. ஈபி, என்டர், அவ்வளவுதான். கூடவே ஒரு விதியும் சொன்னேன்: "கரண்ட் கட் ஆயிடும்னு மெசேஜ் வந்தா அந்த லிங்க்கைத் தொடாதீங்கப்பா. ஈபி அடிச்சு நீங்களே பாருங்க." ஏன்னா, மெசேஜ்ல வர்ற லிங்க்கை அவரே தட்டிட்டா எந்த ஷார்ட்கட்டும் காப்பாத்தாது.

அடுத்த வாரமே போன். "தம்பி, பேங்குக்கும் அதே மாதிரி ஒண்ணு வச்சுக் குடுடா."

வேகத்துக்காகத்தான் நான் இதைக் கத்துக்கிட்டேன். மிச்சமாகுறது என்னவோ சில நொடிதான். ஆனா நடுவுல நிக்கிற விளம்பரங்களைத் தாண்டி, நேரா வீட்டு வாசல்ல இறங்குறோம் பாருங்க, அதுதான் பெரிய லாபம்.

இந்த வாரம் உங்களுக்கு மூணு வைங்க. வீட்டுல அப்பா அம்மா கம்ப்யூட்டர்ல ஒண்ணாவது வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.